பூட்டிக் கிடந்த அறையின் தூசி

1993 மே மாதம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஓர் இளைஞர் காரில் போய்க்கொண்டிருந்தார். நவஹோ பழங்குடியைச் சேர்ந்தவர், நல்ல ஓட்டப்பந்தய வீரர். அவர் கட்டிக்கொள்ளவிருந்த பெண் சில நாட்களுக்கு முன்தான் இறந்திருந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குத்தான் அந்தப் பயணம். வழியிலேயே மூச்சு முட்டியது. கேலப் ஊர் மருத்துவமனையில் எவ்வளவோ முயன்றும் பிழைக்கவில்லை. நுரையீரல் முழுக்க நீர். அந்தப் பெண்ணும் இப்படித்தான் மூச்சுத்திணறி இறந்தார் என்பது விசாரித்தபோது தெரிந்தது.

நான்கு மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் அந்தப் பகுதியில் இதே போன்ற மரணங்கள் அடுத்தடுத்து வெளியே வந்தன. பலரும் திடகாத்திரமான இளம் வயதினர். அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் ரத்த மாதிரிகளைச் சோதித்துச் சில வாரங்களில் சொன்ன விடையை யாரும் எதிர்பார்க்கவில்லை: ஹான்டா வைரஸ்.

அதுவரை ஹான்டா என்றால் ஆசியா, ஐரோப்பாவில் சிறுநீரகத்தைத் தாக்கும் காய்ச்சல். கொரியப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் படுக்க வைத்தது அதுதான். 1976-இல் தென்கொரிய விஞ்ஞானி லீ ஹோ வாங் அதை ஒரு வயல் எலியின் நுரையீரலில் கண்டுபிடித்தார். அங்கே ஓடும் ஹான்டான் ஆற்றின் பெயரே வைரஸுக்கு வந்தது. அமெரிக்காவில் கிடைத்ததோ அதன் உறவுக்காரன். அது குறிவைத்தது நுரையீரலை.

அந்த வருடம் ஏன்? முந்தைய பருவத்தில் மழை நன்றாகப் பெய்து, பினியன் பைன் மரங்கள் கொட்டைகளை வாரி வழங்கியிருந்தன. தீனி பெருகியதும் ‘மான் எலி’ என்ற சிற்றெலி ஏறக்குறைய பத்து மடங்கு பெருகியது. மானைப் போல முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. நவஹோ முதியவர்களுக்கு இது புதிதல்ல. கொட்டை அதிகம் காய்க்கும் வருடத்தில் எலியும் நோயும் வரும், எலியை வீட்டுக்குள் விடக் கூடாது என்பது அவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தது. அப்படிப்பட்டவர்களின் பெயரையே சிலர் நோய்க்கு வைத்து, அம்மக்களைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. வைரஸுக்கு அவ்வட்டார இடப்பெயரை வைக்கவும் எதிர்ப்பு வர, கடைசியில் ‘சின் நோம்ப்ரே’ என்றார்கள். ஸ்பானிய மொழியில் ‘பெயரில்லாதது’ என்று பொருள்.

எலிக்கு இந்த வைரஸால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஓடியாடித் திரிந்தபடியே சிறுநீரிலும் எச்சிலிலும் புழுக்கையிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். சிறுநீர் காயும், தூசியோடு கலக்கும். பல மாதம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து ஒருவர் துடைப்பத்தை எடுக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி எழும்பிச் சுழல்கிறது. அவ்வளவுதான், எலி கடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூச்சோடு போன வைரஸ், தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்களில் குடியேறுகிறது. அந்தச் செல்களை அது கொல்வதில்லை. ஒன்று முதல் எட்டு வாரம் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். பிறகு காய்ச்சல், தொடையிலும் இடுப்பிலும் கடுமையான வலி. சாதாரண ஃபுளூ என்றே தோன்றும். இதற்குள் நம் எதிர்ப்பு அணுக்கள் வைரஸைக் கண்டுகொண்டு முழு வேகத்தில் பாய்கின்றன. அவை சுரக்கும் வேதிப்பொருள்களால் தந்துகிச் சுவர்களின் இணைப்புகள் தளர்கின்றன. புது மண்பானையில் நீர் கசிவதுபோல ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நுரையீரலின் காற்றறைகளை நிரப்புகிறது. நேற்று உடம்பு வலி என்றவர் இன்று மூச்சுக்குத் தவிக்கிறார். மூச்சுத்திணறல் வரை போனவர்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேர் வரை இறக்கிறார்கள். வைரஸைக் கொல்ல உறுதியான மருந்து இல்லை. கசிவு நிற்கும்வரை தீவிர சிகிச்சையில் உயிரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் உடலுக்கு வெளியே இந்த வைரஸ் பலவீனமானது. அதைச் சுற்றியிருப்பது மெல்லிய கொழுப்பு உறை. வெயிலும் பிளீச்சிங் கரைசலும் அதை எளிதில் சிதைத்துவிடும். அதனால் எலி நடமாடிய அறையைக் கூட்டக் கூடாது, முதலில் நனைக்க வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டு, கையுறை போட்டு, புழுக்கை மேல் பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஈரத்தோடு துடைத்தெடுக்க வேண்டும். வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதுவும் தூசியைக் கிளப்பும்.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுமா? தென் அமெரிக்காவின் ஆன்டீஸ் வகை மட்டும் பரவும். அர்ஜென்டினாவின் எபுயென் என்ற சிற்றூரில் 2018–19-இல் 34 பேருக்குப் பரவி 11 பேர் இறந்தார்கள்.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1964-இலேயே, அதாவது கொரியக் கண்டுபிடிப்புக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, வேலூரில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்திருந்தார்கள். மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. அந்த வைரஸால் மனிதருக்கு நோய் வருவதாகவும் நிறுவப்படவில்லை. அது ஹான்டா குடும்பம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதன் பெயர் தோட்டப்பாளையம் வைரஸ்.