ஐரோப்பாவில் விமானம் தாமதமானால் இழப்பீடு: தூரத்தையும் நேரத்தையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாரிஸ் சார்ல் து கோல் நிலையத்திலிருந்து லிஸ்பனுக்கு வான்வழியாக 1,470 கிலோமீட்டர். பிராங்ஃபர்ட்டிலிருந்து அதே லிஸ்பனுக்கு 1,870 சொச்சம். பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு விமானங்களும் மூன்று மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தால், பாரிஸிலிருந்து வந்தவருக்கு 250 யூரோ, பிராங்ஃபர்ட்டிலிருந்து வந்தவருக்கு 400 யூரோ. நடுவில் ஓடும் கோடு 1,500 கிலோமீட்டர்.

இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி. 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேல் 400. ஒன்றியத்துக்கு வெளியே போகிற, அல்லது அங்கிருந்து வருகிற பயணம் 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 600. ஹெல்சிங்கியிலிருந்து டெனெரீஃபுக்கு 4,700 கிலோமீட்டர் இருந்தும் 400தான். டெனெரீஃப் இருக்கும் கானரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, அதனால் அது ஒன்றியத்துக்குள் நடக்கும் உள்பயணம். டிக்கெட் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 20 யூரோ டிக்கெட்டுக்கும் 250 யூரோ உண்டு.

தூரம் என்பது விமானம் சுற்றிப் பறந்த தூரமல்ல. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால் வருகிற மிகக் குறுகிய அளவு. விமானம் மாறிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகள், இரண்டு கட்டத்தையும் கூட்டி 1,656 கிலோமீட்டர் என்று 400 யூரோ கேட்டார்கள். ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326தான், எனவே 250 என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்த்தது. அதே சமயம், எல்லாக் கட்டமும் ஒரே முன்பதிவில் இருந்தால் தாமதத்தைக் கடைசி ஊரில்தான் பார்ப்பார்கள். முதல் விமானம் 40 நிமிடம் பிந்தி, அடுத்ததைத் தவறவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் இழப்பீடு உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

சரி, "வந்து சேர்ந்த நேரம்" எது? சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானம் 2 மணி 58 நிமிடம் பிந்தித் தரை தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். கதவு அதன் பிறகே திறந்தது. ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வரும் நேரமே வருகை நேரம் என்பது 2014 தீர்ப்பு. தாமதம் மூன்று மணியை நெருங்கினால் கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

மோசமான வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம், பறவை மோதல் ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்காது. சாதாரண இயந்திரக் கோளாறு இந்தப் பட்டியலில் சேராது. "தொழில்நுட்பக் காரணம்" என்று ஒற்றை வரியில் மறுத்து வரும் பதிலை அப்படியே ஏற்கத் தேவையில்லை. காரணம் எதுவானாலும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறையும் தர வேண்டும். சாப்பாட்டுக்கும் தூரம்தான் கணக்கு: 1,500 கிலோமீட்டர் வரை புறப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமானாலே உண்டு.

விண்ணப்பத்தை டிக்கெட் விற்றவரிடம் அல்ல, விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம் அனுப்ப வேண்டும். வவுச்சர் நீட்டினால் மறுக்கலாம். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே பணத்துக்குப் பதில் அது செல்லும். வழக்குத் தொடரும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும்: பிரான்ஸில் ஐந்து ஆண்டு, ஜெர்மனியில் மூன்று ஆண்டு, அதுவும் பயணம் நடந்த ஆண்டின் டிசம்பர் 31இலிருந்து எண்ணப்படும்.