எண் மாறவில்லை, நிறுவனம்தான் மாறுகிறது

பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு செல்பேசி நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறோம் அல்லவா, அதற்கு 'எண் மாற்றம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறுஞ்செய்தியில் வருகிறது, செயலியில் வருகிறது, செய்தித் தலைப்பிலும் வருகிறது. எது மாறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடே வந்ததோ, அதுவே மாறுகிறது என்று சொல்லும் பெயர். இதைவிடத் தலைகீழாக ஒரு பெயரை வைக்க முயன்றாலும் முடியாது.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்காக: என் அத்தை நிறுவனம் மாறினார். புது நிறுவனத்திலிருந்து 'உங்கள் எண் மாற்றக் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று செய்தி வந்தது. உடனே எனக்கு போன். "ஏம்ப்பா, நம்பர் மாறிடுச்சாமே, பேங்குல யார் போய்ச் சொல்றது?" நம்பர் மாறலை அத்தை, கம்பெனிதான் மாறியிருக்கு என்றேன். "அப்ப எதுக்கு எண் மாற்றம்னு போட்டிருக்கான்?" என்றார். தமிழ் தெரிந்தவர் தமிழைச் சரியாகப் படித்ததால் வந்த குழப்பம் இது.

முதலில் மூலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் இது மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி. லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது, தூக்கிச் செல்வது. ரயில் நிலையத்துப் போர்ட்டர் அதிலிருந்து வந்தவர்தான். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் அதே குடும்பம். துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட் தூரத்து உறவு. மேலும் தோண்டினால் இரண்டும் கடந்து போவதைக் குறிக்கும் ஒரே வேரில் போய் நிற்கும் என்பார்கள். வேர் விசாரணை இவ்வளவு போதும்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நம் முன்னோர் தமிழ் சொன்ன விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து. இதில் எங்கே சுமப்பது இருக்கிறது? கப்பலிலிருந்து இறக்குவதையும் கப்பலில் ஏற்றுவதையும் பார்த்தார்கள், அப்படியே சொன்னார்கள். போவதையும் வருவதையும் பார்த்தார்கள், போக்குவரத்து என்றார்கள். லத்தீன் வேர் என்ன சொல்கிறது என்று அவர்கள் கவலைப்படவில்லை. கண்முன் நடப்பது என்ன என்று பார்த்தார்கள்.

அதே கண்ணோடு இங்கே நடப்பதையும் பார்க்கலாம். செல்பேசி எண்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். அதனால் முன்பெல்லாம் முதல் நான்கைந்து இலக்கங்களைப் பார்த்தே இது இந்த நிறுவனத்து நம்பர் என்று சொல்லிவிடலாம். அழைப்பை எங்கே அனுப்புவது என்பதை இணைப்பகங்களும் அந்த இலக்கங்களை வைத்தே முடிவு செய்தன. இந்த வசதி வந்த பிறகு அது போதவில்லை. இப்போது ஓர் எண்ணை யாராவது அழைத்தால், அது யாரிடம் இருக்கிறது என்று ஒரு பொதுத் தரவுத்தளத்தைப் பார்த்து, அங்கே கிடைக்கும் வழிகாட்டு எண்ணை வைத்து, உரிய நிறுவனத்துக்கு அழைப்பை அனுப்புகிறார்கள். நாம் நிறுவனம் மாறும்போது அந்தத் தரவுத்தளத்தில் நம் எண்ணுக்கு நேரே இருக்கும் குறிப்பு மாறுகிறது. அவ்வளவுதான். எண்ணை யாரும் எங்கும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

உலகில் முதலில் இதைக் கொண்டுவந்தது சிங்கப்பூர், 1997-இல். அப்போது அங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. எண் பழைய நிறுவனத்திடமே இருக்கும், அதற்கு வரும் அழைப்பைப் புது நிறுவனத்தின் இணைப்புக்குத் திருப்பிவிடுவார்கள். முழுமையான முறை 2008-இல்தான் வந்தது. ஆக, பதினோரு ஆண்டுகள் எண் ஓர் அங்குலம்கூட நகராமலே போர்ட்டபிலிட்டி நடந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'எண் மாற்றம்' தவறு என்று ஒப்புக்கொள்கிற ஆட்களும் அடுத்துக் கொண்டுவந்து நிறுத்துவது 'எண் பெயர்வுத்திறன்' என்ற சொல்லை. கட்டுரைகளில், மொழிபெயர்ப்புகளில், தேர்வுக்கான பொது அறிவுக் குறிப்புகளில் எல்லாம் இதுதான் சரியான தமிழ் என்று உட்கார்ந்திருக்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. நான்கு முறை சொல்லிப் பாருங்கள், தொழில்நுட்ப நெடி வரும், மரியாதை வரும். பொருள் மட்டும் வராது.

'திறன்' என்ற வாலை முதலில் எடுத்துக்கொள்வோம். திறன் யாருக்கு இருக்கும்? செய்கிறவருக்கு இருக்கும். கற்றல் திறன் மாணவனுக்கு, இழுவைத் திறன் எஞ்சினுக்கு. எண் பெயர்வுத்திறன் என்றால் பெயரும் திறமை எண்ணுக்கு இருக்கிறது என்றாகிறது. பத்து இலக்கத்துக்கு என்ன திறமை? ஆங்கிலத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கலாம், ஆனால் ஆங்கிலத்துக்காரர்கள் சட்டம் எழுதும்போது என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, தரமும் வசதியும் கெடாமல், அதே இடத்தில், ஏற்கெனவே இருக்கும் எண்ணைப் பயனர்கள் தக்கவைத்துக்கொள்ள முடிவது என்பது அதன் சாரம். முடிவது பயனருக்கு, எண்ணுக்கு அல்ல. செய்வது தக்கவைப்பது, தூக்கிப் போவது அல்ல. 'அதே இடத்தில்' என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். தலைப்பில் போர்ட்டபிலிட்டி, விளக்கத்தில் நகர்வின் சுவடே இல்லை. மூலத்தைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பெயர்த்தால் வருவதுதான் பெயர்வுத்திறன்.

இந்தத் திறன் வியாதி இதோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் 'பிலிட்டி' என்று முடிந்தால் தமிழில் திறன், இல்லாவிட்டால் தன்மை என்று ஒரு சூத்திரம் கிளம்பியிருக்கிறது. 'இருக்கைகளின் கிடைக்கும்தன்மையைச் சரிபார்க்கவும்' என்று ஒரு முன்பதிவுப் பக்கத்தில் படித்தேன். இடம் இருக்கிறதா பாருங்கள் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பாடு. பாசிபிலிட்டிக்கு வாய்ப்பு என்றோம், எலிஜிபிலிட்டிக்குத் தகுதி என்றோம், ரெஸ்பான்ஸிபிலிட்டிக்குப் பொறுப்பு என்றோம். மூன்றிலும் திறனும் இல்லை, தன்மையும் இல்லை, எவருக்கும் புரியாமலும் போகவில்லை. இன்றைக்கு யாராவது புதிதாக மொழிபெயர்த்தால் பொறுப்பு என்று எழுதுவாரா, பதிலளிக்குந்தன்மை என்று எழுதுவாரா? சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சரி, வாலை வெட்டிவிட்டு 'எண் பெயர்வு' என்று வைத்துக்கொள்ளலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இது கொஞ்சம் நியாயமான கேள்வி. பெயர்தல் நல்ல பழைய சொல். ஆனால் அது கூட்டுச்சொல்லில் உட்காரும்போது இரண்டு விதமாக உட்காரும். இடம்பெயர்வு, புலம்பெயர்வு இவற்றில் முன்னால் நிற்பது நாம் விட்டுப் போகிற பொருள். இடத்தை விட்டுப் போவது இடம்பெயர்வு. அந்த அச்சில் எண்பெயர்வு என்றால் எண்ணை விட்டுப் போவது. மறுபடியும் 'எண் மாற்றம்' சொன்ன அதே தப்பு, வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது.

இன்னோர் அச்சு குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி. இங்கே முன்னால் நிற்பது பெயர்கிற ஆள். குரு குருவாகவே இருக்கிறார், ராசிதான் மாறுகிறது. உண்மையில் நம் விஷயத்துக்கு இதைவிடக் கச்சிதமான அச்சு கிடையாது. எண் எண்ணாகவே இருக்கிறது, வீடு மாறுகிறது. ஆனால் 'எண் பெயர்ச்சி' என்று போட்டால் மறுநாளே எண்கணித ஜோதிடர்கள் பலன் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். படிப்பவருக்கும் எந்த அச்சில் படிப்பது என்று யாரும் சொல்லித் தரப் போவதில்லை. இரண்டு பக்கமும் இழுக்கிற சொல்லை எதற்குக் கட்டி மேய்க்க வேண்டும்?

போர்ட்டபிள் என்பதற்கு அகராதியில் 'கையடக்க' என்று இருக்கிறதே என்று 'எண் கையடக்கம்' எழுதியவர்களும் உண்டு. கையடக்க வானொலிக்கு அது அழகான சொல். எண் எந்தக் கையில் அடங்குகிறது? மென்பொருளை ஒரு கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்குக் கொண்டுபோவதற்கும் போர்ட்டபிலிட்டிதான். ஒரு நிறுவனத்திடம் இருக்கும் நம் தகவல்களை வாங்கிக்கொண்டு இன்னொன்றுக்குப் போகும் உரிமைக்கும் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தில் அதே சொல்தான். ஆங்கிலம் ஒரே சொல்லை நாலு இடத்தில் வைத்து ஓட்டுகிறது என்பதற்காக நாமும் ஒன்றையே வைத்து ஓட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மென்பொருளுக்குப் பெயர்வுத்திறன் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒரு நிரல் வேறு கணினியில் ஓடுமா என்பது அந்த நிரலின் குணம்தான்.

அப்படியானால் என்ன சொல்வது? பேச்சில் 'போர்ட் பண்ணிட்டேன்' என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் இது ஹரியானாவில் 2010 நவம்பர் 25 அன்று தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. அன்றிலிருந்தே, போர்ட் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விரல் அடித்த சொல் வாயில் வருகிறது. அது புரியவும் செய்கிறது. புரியாத தமிழைவிடப் புரிகிற போர்ட் மேல் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கட்டும்.

ஆனால் எழுத்தில் தமிழ் வேண்டும் என்றால் நான் சொல்வது 'எண்ணோடு மாறுதல்'. எண்ணோடு மாறினேன், எண்ணோடு மாற விண்ணப்பிக்க, எண்ணோடு மாறும் வசதி. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். மாறுவது நான், கூட வருவது எண் என்று இரண்டு சொல்லில் முழு விஷயமும் வந்துவிடுகிறது. பொத்தானில் போடுவதற்குக் கொஞ்சம் விளக்கமாக வேண்டுமானால் 'எண் மாறாமல் நிறுவனம் மாற' என்று போடலாம். சட்டம், விதிமுறை மாதிரி இறுக்கமான இடங்களில் 'எண் தக்கவைப்பு உரிமை' சரியாக இருக்கும். பதவியைத் தக்கவைத்தார், தொகுதியைத் தக்கவைத்தார் என்று நாள்தோறும் படிக்கிற சொல், எவரும் தடுமாற மாட்டார்கள். 'தக்கவைப்பு' தனியாக நின்றால் மாறுவதைச் சொல்லவில்லையே என்றால் உண்மைதான். நிறுவனமே மாறாதவரும் எண்ணைத் தக்கவைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால்தான் அன்றாடத்துக்கு எண்ணோடு மாறுதலை முன்னால் வைக்கிறேன்.

இலக்கணப் புலவர் ஒருவர் இதற்கும் ஓர் ஆட்சேபம் சொன்னார். 'ஓடு' உருபு இருவரில் உயர்ந்தவர் பக்கம்தான் சேரும் என்பது தொல்காப்பிய விதி. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்போமே தவிர மாணவரோடு ஆசிரியர் வந்தார் என்பது மரபல்ல. அப்படிப் பார்த்தால் எண்ணோடு நான் மாறினேன் என்றால் எண் உயர்ந்தது, நான் அதன் பின்னால் போகிறவன் என்றாகிறதே என்றார். வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு, ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகிற காலத்தில் யார் யார் பின்னால் போகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

நிறுவனம் என்று நான் எழுதிக்கொண்டே வருவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் செல்பேசி நிறுவனத்துக்குக் கேரியர் என்று பெயர். கைப்பேசியின் அமைப்புகள் பக்கத்தில் அதை அப்படியே 'கேரியர்' என்று தமிழெழுத்தில் போட்டுவிடுகிறார்கள். 'உங்கள் கேரியரைத் தொடர்புகொள்ளவும்' என்று படித்தால் தமிழனுக்கு நினைவு வருவது அடுக்குப் பாத்திரம். இன்னும் சிலர் சிரமப்பட்டு 'தாங்கி' என்று மொழிபெயர்க்கிறார்கள். இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் ஒரு செல்பேசிதாங்கி. சேவை நிறுவனம் என்றால் என்ன குறைந்துவிடும்?

மிச்சம் இருப்பது அந்த எட்டு எழுத்துக் குறியீடு. 1900-க்கு அனுப்பியதும் எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று வருமே, அது. 'தனித்துவ பெயர்வுக் குறியீடு' என்று எழுதுகிறார்கள். எல்லாக் குறியீடும் தனித்துவம்தான், அதைத் தூக்கிவிடலாம். பெயர்வு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. 'மாறுதல் குறியீடு' என்றால் போதும். புது நிறுவனத்தில் கேட்கும்போது கடைக்காரர் எதைக் கேட்கிறார் என்று அத்தைக்கும் தெரியும்.