கடைத் தளத்தில் விளம்பரப் பிக்சல்: எல்லையோரச் சிறு வணிகர் அறிய வேண்டிய தரவுப் பாதுகாப்புச் சட்டம்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பகுதிகளில் தேன், கிராம்பு, முந்திரிப் பருப்பு, நேந்திரங்காய் சிப்ஸ் விற்கும் சிறு கடைகள் பலவற்றுக்கு இன்று சொந்த இணையதளம் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலோ கூகுளிலோ விளம்பரம் கொடுக்கத் தொடங்கியதும், தளத்தை அமைத்துத் தந்தவர் "பிக்சல் போட்டுவிடலாம்" என்று சொல்லி, பத்துப் பதினைந்து வரியுள்ள ஒரு நிரலைத் தளத்தின் தலைப்பகுதியில் ஒட்டிவிடுகிறார். எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் பொருள் வாங்கினார், யார் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனார் என்பதை அந்த நிரல் விளம்பர நிறுவனத்துக்குச் சொல்கிறது. அந்த வேலை கடைக்காரருக்குப் பயனுள்ளதுதான். ஆனால் அதே நிரல், தளத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் பற்றிய செய்தியை அவருக்குத் தெரியாமலே மூன்றாம் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புகிறது என்பதால், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதைத் தொடுகிறது. அந்தச் சட்டம் சிறு கடைக்காரரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தனியுரிமை அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று இந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியாயின. அந்த அறிவிப்பின்படி, தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பதற்கான பிரிவுகள் உடனே நடைமுறைக்கு வந்தன. சம்மதம், அறிவிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, தண்டத்தொகை ஆகியவை பற்றிய பிரிவுகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாத நடுப்பகுதியில், நடைமுறைக்கு வருகின்றன. இந்தக் கால அவகாசம் தளத்தைச் சரிசெய்துகொள்வதற்காகத் தரப்பட்டது. அதுவரை விருப்பம்போல் தரவு சேகரிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

சட்டத்தில் "குக்கீ" (ஒரு தளம் வருபவரின் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) என்ற சொல் எங்கும் இல்லை, "பிக்சல்" என்ற சொல்லும் இல்லை. ஒரு மனிதரை அடையாளம் காணத்தக்க எந்தத் தரவும் தனிநபர் தரவு என்று மட்டும் அது சொல்கிறது. பிக்சல் நிரல், வருபவரின் உலாவியில் ஓர் அடையாள எண்ணைச் சேமித்து வைக்கிறது; ஃபேஸ்புக் நிரலின் குக்கீ ஏறத்தாழ 90 நாட்கள் அங்கே இருக்கும். அதே உலாவியில் அவர் ஃபேஸ்புக் கணக்கும் திறந்திருந்தால், பெயர் தெரிந்த ஒருவருடன் அந்த எண்ணை இணைப்பது அந்த நிறுவனத்துக்கு எளிது. இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது "மேம்பட்ட பொருத்தம்" என்ற அமைப்பு. அது இயங்கிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளர் முகவரிப் படிவத்தில் எழுதும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மறைகுறியாக மாற்றப்பட்டு விளம்பர நிறுவனத்துக்குப் போகின்றன. மறைகுறியாக்கிவிட்டதால் அது தனிநபர் தரவு அல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் அதைப் பெறும் விளம்பர நிறுவனம் தன்னிடமுள்ள எண்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதற்காகவே அந்த அமைப்பு உருவாக்கப்பட்டது. ஆகவே அந்த வாதத்தை நம்பித் தொழில் நடத்துவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பொறுப்பு யாருடையது என்பது. எந்த நோக்கத்துக்காக, எந்த வழியில் தரவு பயன்பட வேண்டும் என்று தீர்மானிப்பவரைச் சட்டம் தரவுப் பொறுப்பாளர் என்று கொள்கிறது. அவர் சொற்படி தரவைக் கையாளுபவர் கையாளுநர் மட்டுமே. கையாளுநர் செய்த தவறுக்கும் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. இருவருக்கும் இடையே என்ன ஒப்பந்தம் இருந்தாலும் இது மாறாது. கடையின் தளத்தைப் பொறுத்தவரை பொறுப்பாளர் கடைக்காரர்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டு அனுபவம் காரணம். எங்கள் குடும்பத்தின் தேன் கடைக்குத் தளம் அமைத்துத் தந்தவர், முன்பு வேறொரு கடைக்குச் செய்த வடிவமைப்பையே எடுத்துப் பயன்படுத்தினார். அதில் கிடந்த பழைய பிக்சல் எண்ணை நீக்க மறந்துவிட்டார். சுமார் எட்டு மாதம் எங்கள் தளத்துக்கு வந்தவர்களின் பதிவுகள் எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் விளம்பரக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆண்டுக்கணக்காக எங்களிடம் வாங்குபவர்கள் எங்களை நம்பித் தந்த விவரம் அது என்று நினைத்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. தளம் அமைப்பவரை மாற்றும்போது, விளம்பரக் கணக்கும் பிக்சலும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா, பழையவருக்கு இன்னும் உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வாடிக்கையாளர் தரும் எல்லாத் தரவுக்கும் தனிச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் ஒரு நோக்கத்துக்காகத் தானாக முன்வந்து விவரம் தந்தால், அந்த நோக்கத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்த 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. மருந்துக் கடையில் பொருள் வாங்கியவர், ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லித் தன் விவரத்தைத் தருவது சட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு. அதே முறையில், தேன் பாட்டிலைக் கூரியரில் அனுப்புவதற்காக வாங்கிய முகவரியையும் எண்ணையும் கூரியருக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணையே விளம்பரக் கணக்கில் பட்டியலாக ஏற்றி, "இவர்களைப் போன்றவர்களுக்கு விளம்பரம் காட்டு" என்று சொல்வது முற்றிலும் வேறு நோக்கம். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். பெரும்பாலான சிறு கடைகள் இந்தக் கோட்டை அறியாமல் தாண்டிவிடுகின்றன.

சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 6-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அது சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமில்லாததாகவும், ஒரு தெளிவான செயலால் வெளிப்பட்டதாகவும் இருக்க வேண்டும். "இந்தத் தளத்தைத் தொடர்ந்து பார்த்தால் நீங்கள் சம்மதித்ததாகக் கொள்வோம்" என்ற வாசகம் இதற்குப் போதாது, ஏனெனில் அதில் வாடிக்கையாளர் எதையும் செய்யவில்லை. முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டமும் போதாது. விளம்பரக் கண்காணிப்புக்குச் சம்மதிக்காவிட்டால் தேன் விற்க மாட்டோம் என்று சொல்லவும் முடியாது, தேன் விற்பதற்குக் கண்காணிப்பு தேவையில்லை. சட்டம் தரும் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்குகிறது: தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று நோயாளியின் கைப்பேசித் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, அவரும் சரி என்று அழுத்திவிட்டாலும், மருத்துவ ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அதற்கு அவர் தந்த சம்மதம் செல்லாது. பின்னாளில் பிரச்சினை எழுந்தால், முறையாக அறிவித்துச் சம்மதம் பெற்றதை நிரூபிக்கும் கடமையும் கடைக்காரருடையது. யார், எப்போது, எந்த வாசகத்துக்குச் சம்மதித்தார் என்ற பதிவு இதனால்தான் தேவைப்படுகிறது.

சம்மதம் கேட்கும் முன் அறிவிப்பு தர வேண்டும். எந்தெந்தத் தரவு, எந்த நோக்கத்துக்கு, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது எப்படி, குறையை எங்கே சொல்வது, வாரியத்திடம் முறையிடுவது எப்படி என்ற செய்திகள் அதில் எளிய நடையில் இருக்க வேண்டும். பிற விதிமுறைகளுக்கு நடுவே அதைப் புதைத்து வைக்காமல், தனித்துப் படித்தாலே புரியும்படி எழுத வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன.

எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்தும் செய்தி இந்த இடத்தில்தான் வருகிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில், கடைக்கு வரும் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் மலையாளத்திலும் பேசுவது அன்றாட வழக்கம். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வாங்குபவர்கள் எங்கள் தளத்துக்கு வருகிறார்கள். விலையையும் அளவையும் அவர்கள் மொழியில் சொல்லும் நாம், அவர்களைப் பற்றிய தரவு எங்கே போகிறது என்பதை மட்டும் ஆங்கிலச் சட்டநடையில் எழுதி வைப்பது நியாயமில்லை. "நீங்கள் எங்கள் தளத்தில் எந்தப் பொருளைப் பார்த்தீர்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு அனுப்ப விரும்புகிறோம், எங்கள் விளம்பரம் பயன் தருகிறதா என்று அறிய அது உதவும். வேண்டாம் என்றாலும் நீங்கள் வழக்கம்போல் பொருள் வாங்கலாம்" என்று மூன்று வரியில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

வாசகம் சரியாக இருந்தும் பல தளங்கள் தவறுவது தொழில்நுட்பத்தில். தலைப்பகுதியில் ஒட்டிய நிரல், பக்கம் திறந்தவுடனே ஓடத் தொடங்கிவிடுகிறது. சம்மதப் பட்டை திரையில் தோன்றி, வாடிக்கையாளர் "வேண்டாம்" என்பதை அழுத்துவதற்குள் முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்படி அமைந்த பட்டையால் எந்தப் பயனும் இல்லை. "சம்மதம்" என்பதை அழுத்திய பிறகே நிரலை ஏற்றும்படி அமைக்கச் சொல்லுங்கள். கூகுளின் நிரலில் "கன்சென்ட் மோட்" என்ற வசதி உண்டு. அதன் அடிப்படை வகையில் சம்மதத்துக்கு முன் எதுவும் போகாது, மேம்பட்ட வகையில் மறுத்தவரைப் பற்றியும் குக்கீ இல்லாத குறிப்புகள் சில போகும். சிறு கடைக்கு அடிப்படை வகையே பொருத்தம். ஃபேஸ்புக் நிரலோடு "நோஸ்கிரிப்ட்" என்ற பகுதியில் ஒரு சிறிய படத்துக்கான வரியும் சேர்ந்து வரும். ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத உலாவியில் அது தானே செய்தி அனுப்பிவிடும், சம்மதம் கேட்கவும் வழி இருக்காது. ஆகவே அந்த வரியை நீக்கிவிடுவது நல்லது. சரிபார்ப்பதும் கடினமல்ல. கணினியில் குரோம் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, "நெட்வொர்க்" பகுதியில் பார்த்தால், நீங்கள் எதையும் அழுத்தாத நிலையில் ஃபேஸ்புக், கூகுள் முகவரிகளுக்கு ஏதேனும் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

சம்மதம் தந்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். ஒரே அழுத்தில் வாங்கிய சம்மதத்தை ரத்துசெய்ய மின்னஞ்சல் எழுதச் சொல்வது இதற்கு மாறானது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இணைப்பு வைத்தால் போதும். கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்லும் ஒருவரின் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். குறைகளுக்கு அதிக அளவு 90 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காதவரே வாரியத்துக்குப் போக முடியும். ஆகவே வரும் புகாரை மதித்து உடனே பதில் எழுதுவது கடைக்காரருக்கே நல்லது.

சட்டத்தின் பார்வையில் 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்களைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் 9-ஆம் பிரிவின்படி கூடாது. பொம்மை, பள்ளிப் பை விற்பவர்களும் டியூஷன் நடத்துபவர்களும் தங்கள் தளத்தில் விளம்பரப் பிக்சலே வைக்காமல் இருப்பது பாதுகாப்பானது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் உள்ள விலக்கு கல்விச் செயல்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உரியது, விளம்பரத்துக்கு அது நீளாது.

தண்டத்தொகையின் உச்ச அளவுகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும், குழந்தைகள் தொடர்பான மீறலுக்கு 200 கோடி வரையும், சம்மதம், அறிவிப்பு போன்ற பிற மீறல்களுக்கு 50 கோடி வரையும் விதிக்கலாம். மீறலின் தன்மை, கால அளவு, பாதிக்கப்பட்ட தரவின் வகை, கிடைத்த ஆதாயம், தவறைத் திருத்த எடுத்த முயற்சி ஆகியவற்றை எடைபோட்டே தொகையை முடிவுசெய்ய வேண்டும் என்று 33-ஆம் பிரிவு வாரியத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாக எதுவும் கிடைப்பதில்லை. இது சட்டத்தின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

ஏற்கெனவே சம்மதம் தந்து வாங்கிவரும் பழைய வாடிக்கையாளர்களுக்கும், சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இயன்ற விரைவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பப் பெறும்வரை முன்பு தந்த சம்மதம் நீடிக்கும். கேட்காமலே சேர்த்து வைத்த எண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. எங்கள் கடையில் விளம்பரத்துக்காக ஏற்றியிருந்த பழைய பட்டியலை நீக்கிவிட்டோம். ஆர்டர் அனுப்பும்போது பெட்டிக்குள் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட சீட்டு ஒன்றை வைத்து, விருப்பமுள்ளவர்கள் மட்டும் தளத்தில் பதிவுசெய்யும்படி கேட்டு வருகிறோம்.