'உயிர்ப்பிப்பு மறுப்பு ஆணை': யார், யாருக்கு, எதை மறுத்தார்கள்?

இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தியோ ஷாக் கொடுத்தோ மீட்க முயல வேண்டாம் என்று மருத்துவர் எழுதிவைப்பதை ஐ.சி.யூ.வில் டி.என்.ஆர். ('டு நாட் ரிசசிடேட்') என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். அதற்கு 'உயிர்ப்பிப்பு மறுப்பு ஆணை' என்றொரு தமிழ் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'மாரடைப்புக்குப் பின் பெண்களுக்கு உயிர்ப்பிப்பு மறுப்பு அதிகம்' என்கிற தினுசில் மருத்துவச் செய்திகள் வருகின்றன. இதில் ஒரு சொல்கூட இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். 'ரிசசிடேஷன்' லத்தீன் வழி வந்தது. கிளப்புதல், எழுப்புதல் என்பதே வேர்; முன்னால் 'மீண்டும்' என்ற ஒட்டு. அசைவற்றுக் கிடப்பவரைத் தட்டி எழுப்புவதுதான் படிமம். 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், நின்றுபோன இதயத்தை மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தும் முறையை வெளியிட்டார்கள். சொல் இன்றைய பொருளில் இறுகியது அதற்குப் பிறகுதான். முறை பரவப் பரவ, முற்றிய நோயில் கடைசி நாட்களில் இருப்பவரின் நெஞ்சையும் அழுத்தத் தொடங்கினார்கள். அதனால் 'இவருக்கு வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. அந்த முடிவை நோயாளியின் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1974-ல் பரிந்துரைத்தது.

அந்தச் செய்தியின் முதல் தவறு 'மாரடைப்பு'. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. நோயாளி வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கார்டியாக் அரெஸ்ட் என்றால் ரத்தத்தைத் தள்ளும் வேலையே நின்றுபோவது: நாடி இல்லை, நினைவு இல்லை, மூச்சு இல்லை அல்லது வெறும் இழுப்பு. முன்னது பின்னதில் முடியலாம். ஆனால் கிருமித் தொற்று, பொட்டாசியம் ஏறுவது, மூச்சுத் திணறல் என மருத்துவமனைக்குள் இதயம் நிற்க வேறு வழிகள் ஏராளம். இதற்கு 'இதய நிறுத்தம்' போதும். 'இதயக் கைது' என்று எழுதாதவரை நல்லது.

'உயிர்ப்பிப்பு' எங்கே தவறுகிறது? உயிர்ப்பு என்றால் பழந்தமிழில் மூச்சு. அந்தப் பொருளில் யாராவது இன்று பேசினால் சண்டைக்கே வரமாட்டேன். ஆனால் சாந்தோமில் நிற்பவருக்கு உயிர்ப்பு என்றால் உயிர்ப்பு ஞாயிறு, செத்தவர் எழுவது. 'புத்துயிர்' இன்னும் மோசம். கூவத்துக்கும் பழைய திட்டங்களுக்கும் செய்தித்தாள்கள் அளித்து அளித்துத் தேய்ந்துபோன சொல். இரண்டுமே ஒரு விளைவுக்கு வாக்குக் கொடுக்கின்றன. நடப்பதோ ஒரு முயற்சி. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துகிறார்கள். மூச்சுக் குழாய் போடும்வரை 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கிறார்கள்; 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும், இல்லாவிட்டால் களைத்த கை ஆழம் போகாது. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின் மருந்து. இதயத் துடிப்பின் தாளம் இடம்கொடுத்தால் மட்டும் மின்சார ஷாக். முதியவருக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். இத்தனையும் செய்து, மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் உயிருடன் வீடு திரும்புகிறார். 'உயிர்ப்பிக்க வேண்டாம்' என்று கையெழுத்துக் கேட்டால், 'கையெழுத்துப் போடாவிட்டால் பிழைத்துவிடுவார்' என்றுதான் காதில் விழும். இந்தச் சிக்கலால்தான் ஆங்கிலத்திலேயே 'முயற்சி'யைக் ('அட்டெம்ப்ட்') குறிக்கும் எழுத்தைச் சேர்த்து டி.என்.ஏ.ஆர். என்றார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அந்த வடிவத்தையே ஏற்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் பழைய வடிவத்திலேயே நிற்கிறார்கள்.

பெரிய கேடு 'மறுப்பு'. மறுப்பது என்றால் ஒருவர் கேட்க, இன்னொருவர் இல்லை என்பது. 'பெண்களுக்கு மறுப்பு' என்று 'கு' உருபைச் சேர்த்தவுடன் கேட்டவள் பெண், மறுத்தது மருத்துவமனை என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. ஆய்வுகள் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. அவை சொல்வது இவ்வளவுதான்: மருத்துவமனையில் இதயம் நின்று, மீட்பு முயற்சியால் துடிப்பு திரும்பியவர்களில், இந்தக் குறிப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக எழுதப்படுகிறது. இதயம் நிற்கும் பெண்கள் சராசரியாக வயதில் மூத்தவர்கள். ஷாக்குக்குப் படியாத தாளமே முதலில் தென்படுவதும் அவர்களிடம் அதிகம். இவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் வேறுபாடு முழுதாக மறைவதில்லை. அது நோயாளி முன்பே சொல்லிவைத்த விருப்பமா, கணவரும் பிள்ளைகளும் எடுத்த முடிவா, மருத்துவர் பேச்சைத் தொடங்கிய விதமா? நோயாளி நினைவின்றிக் கிடக்கும்போது பெரும்பாலும் முடிவெடுப்பது மற்றவர்கள்தான். சந்தேகப்பட இடமுண்டு, சந்தேகிக்கவும் வேண்டும். ஆனால் வேற்றுமை உருபை வைத்து வழக்கை முடித்துவிடக் கூடாது.

'பின்' என்ற சொல்லும் ஏமாற்றுகிறது. 'இதயம் நின்ற பின் மறுப்பு' என்று படிப்பவர், அவள் இதயம் நின்றபோது யாரும் கைவைக்கவில்லை என்றே நினைப்பார். கைவைத்தார்கள், துடிப்பும் வந்தது. குறிப்பு எழுதியது இன்னொரு முறை நின்றால் என்ன செய்வது என்பதற்காக. நினைவு திரும்பாதவரின் மூளை தேறுமா என்று துடிப்பு மீண்டு குறைந்தது 72 மணி நேரம் கழியுமுன் கணிக்கவேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. எனவே எப்போது எழுதினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 'மறுப்பு' என்ற சொல் அதைக் கேட்கவே விடுவதில்லை.

'ஆணை' பற்றி ஒரு வரி. சென்னையில் ஆணை என்றால் கோட்டையிலிருந்தோ ஹைகோர்ட்டிலிருந்தோ வருவது. வார்டில் மருத்துவர் நர்ஸுக்கு எழுதுவது குறிப்பு. நோயாளியின் நிலை மாறினால் அடித்துவிட்டு மாற்றி எழுதலாம்; 'ஆணை' என்றால் அந்த எண்ணமே வராது.

என் பரிந்துரை 'மீட்பு முயற்சித் தவிர்ப்புக் குறிப்பு'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தவிர்ப்பு' யாரையும் குற்றவாளி ஆக்காது, 'முயற்சி' பொய் வாக்குத் தராது. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'உயிர்மீட்பு விலக்கு' என்கிறார்கள். வடமொழி கலக்கவில்லை என்பதே அதன் ஒரே தகுதி. விலக்கு என்றால் வரிவிலக்கு, மதுவிலக்கு. படுக்கையருகே நிற்கும் மகளுக்கு அதில் என்ன புரியும்? இதைவிடக் கொடுமை, டி.என்.ஆர். பற்றிய செய்திகளில் 'கருணைக்கொலை'யை நுழைப்பது. கண்ணியமாக இறக்கும் உரிமை குறித்த உச்சநீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு வந்தபோதும் அந்தச் சொல்லே தலைப்புகளில் ஓடியது. கொலை என்று எழுதிவிட்டு எந்தக் குடும்பத்திடம் ஒப்புதல் கேட்பது?

படிவத்தில் எந்தச் சொல் இருந்தாலும், வாயால் சொல்லும்போது கலைச்சொல்லே வேண்டாம். "இதயம் நின்னுபோச்சுன்னா நெஞ்சை அழுத்த மாட்டோம், ஷாக் குடுக்க மாட்டோம். ஆன்டிபயாட்டிக், ஆக்சிஜன், வலிக்கு மருந்து, இப்ப நடக்கிற டயாலிசிஸ் எல்லாம் அப்படியே நடக்கும்." தொடர்பவை என்னென்ன என்று பெயர் சொல்லி அடுக்கவேண்டும். அதை விட்டால், "அப்போ அம்மாவுக்கு இனிமே எதுவுமே பண்ண மாட்டீங்களா சார்?" என்று டியூட்டி டாக்டரிடம் கேட்பார்கள்.