ஆக்டேன் எண்: பெயரில் இருக்கும் எட்டு

டெக்சாஸில் இருக்கும் மகளைப் பார்க்க வந்த சித்தப்பா, முதல் நாளே காஸ் ஸ்டேஷனில் முகம் சுளித்தார். பம்பில் வரிசையாக மூன்று மஞ்சள் ஸ்டிக்கர். கறுப்பு எழுத்தில் 87, 89, 93. "என்னப்பா இது, மதுரையிலயே 91 போடுறான், அமெரிக்காவுல 87தானா?" என்றார். நியாயமான கேள்வி. அது பெட்ரோலின் 'ஆக்டேன் எண்'. குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

'ஆக்டோ' என்றால் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எட்டு. ஆக்டோபஸுக்கு எட்டுக் கால் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் 'ஏன்', 1866இல் ஹோஃப்மான் என்ற ஜெர்மன் வேதியியலர் வகுத்த பெயர்முறையில் வந்தது. மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் எல்லாம் அந்த வழிதான். எட்டுக் கார்பன் அணுவும் பதினெட்டு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தால் ஆக்டேன். தமிழில் 'ஆக்டேன் எண்' என்கிறோம், இலங்கையில் 'ஒக்டேன்'. எண்சாண், எண்திசை என்பதில் வரும் 'எண்'ணும் எட்டுதானே! நம் சொல்லில் எட்டு இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, 87 என்றால் பெட்ரோலில் 87 சதவீதம் ஆக்டேன் என்றா அர்த்தம்? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பிஸ்டன் மேலே வந்து நெருக்கும். நெருக்க நெருக்கச் சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் அங்கிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடு தாங்காமல் தானே பற்றிக்கொண்டால் உள்ளே ஓர் அடி விழும். மெக்கானிக் இதைத்தான் 'நாக்கிங்' என்பார், 'இன்ஜின் தட்டுது' என்பார். பழைய வண்டியில் பாரத்தை ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே மேடு ஏறினால் கேட்கும்: தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. அப்படியே விட்டால் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

ஒரு பெட்ரோல் இந்தத் தட்டலை எவ்வளவு தாங்கும் என்று அளக்க, 1920களில் எத்தில் நிறுவனத்தின் வேதியியலர் கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஆக்டேனின் கிளைவிட்ட வடிவமான ஐசோ-ஆக்டேன் நன்றாகத் தாங்கும், அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் உடனே தட்டும், அதற்கு 0. இந்த ஹெப்டேன் அப்போது கலிஃபோர்னியா பக்கத்து ஜெஃப்ரி பைன் மரப்பிசினிலிருந்து சுத்தமாகவே கிடைத்தது. இரண்டும் கொதிப்பது ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், 98, 99 டிகிரி செல்சியஸ் வாக்கில். 87 பங்கு ஐசோ-ஆக்டேனும் 13 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்போது தட்டுமோ, அப்போது தட்டும் பெட்ரோலுக்கு எண் 87. வேடிக்கை என்னவென்றால், கிளையில்லாமல் நேராக நீளும் அசல் ஆக்டேனைச் சோதித்தால் சுழிக்கும் கீழே போய்விடும். பெயரைக் கொடுத்தவனே பரீட்சையில் ஃபெயில்!

சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். சோதனை இரண்டு வகை. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும் இன்ஜினில் பார்ப்பது 'ரிசர்ச்' எண். 900 சுற்றில், கலவையைச் சூடாக்கிக் கடுமையாகப் பார்ப்பது 'மோட்டார்' எண். இது எட்டு, பத்துக் குறைந்து வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் சொல்வது முதல் எண்ணை. அமெரிக்கா இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறது; ஸ்டிக்கரில் (ஆர்+எம்)/2 என்று பொடி எழுத்தில் இருக்கும். அதனால் மதுரை 91உம் டெக்சாஸ் 87உம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. இதைக் கவனிக்காமல், அமெரிக்கக் கையேட்டில் 91 கேட்கும் காருக்கு ரிசர்ச் எண் 91 உள்ள பெட்ரோலை ஊற்றினால் தப்பு. அதற்கு இங்கே 95 போட வேண்டும்.

எண் கூடினால் வண்டி பறக்கும் என்பதும் சும்மா. அழுத்தம் கூடுதலாகத் தரும் இன்ஜினுக்கு அது தேவை. மற்றதற்குக் காசுக்குக் கேடு. டென்வர் போன்ற உயரமான ஊர்களில் 85 கூட விற்கிறார்கள். காற்று மெலிந்த இடம், சிலிண்டரில் அழுத்தமும் குறைவு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆக்டேன் எண்' பாடப்புத்தகத்துக்குப் போதும். வேதிப்பொருளின் பெயரை மாற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் எண் எதை அளக்கிறது என்பதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். நம்மிடம் இடிதாங்கி இருக்கிறது, சுமைதாங்கி இருக்கிறது. மெக்கானிக்கின் 'தட்டுது'வையும் சேர்த்தால் 'தட்டுதாங்கு எண்'. அந்த மஞ்சள் ஸ்டிக்கர் எண்ணுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் முறையான பெயரான 'ஆன்ட்டிநாக் இண்டெக்ஸ்' என்பதற்கும் ஏறத்தாழ இதே பொருள்தான்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். சித்தப்பா பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் 87 என்றுதான் போட்டிருந்தது. "அப்ப சரி, போடு" என்றார்.