ஷிபோலெத்: உச்சரிப்பில் தெரியும் அடையாளம்

ஷிபோலெத் என்பது எபிரேயச் சொல். தானியக் கதிர் என்று பொருள். ஓடும் வெள்ளத்தையும் குறிக்கும். மொழியியலில் அந்தப் பொருளுக்கு வேலை இல்லை. ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று காட்டிக்கொடுக்கும் உச்சரிப்புக்கு அதுவே பெயராகிவிட்டது.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் இதன் கதை வருகிறது. போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தானைக் கடந்து தப்பப் பார்க்கிறார்கள். அவர்களை வென்று, ஆற்றுத் துறையை மறித்து நின்ற கீலேயாத்தியர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலெத்' சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியருக்கு ஷ ஒலி வராது. 'சிபோலெத்' என்று சொன்னவரைக் கொன்றுவிடுகிறார்கள். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்த அதிகாரம். தமிழில் இந்தக் கதையைச் சொல்லக் கிரந்த ஷ வேண்டியிருக்கிறது. ச மட்டும் இருந்தால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும்.

பழங்கதை என்று தள்ள முடியாது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களைத் தேடிய கும்பல்கள் பேருந்துகளை நிறுத்தி, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்தை ஆங்கில b போல அதிரும் ஒலியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்களின் தொடக்கத்தில் அந்த ஒலி இயல்பாக வருவதில்லை. அதில் தடுமாறியவர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள்.

உயிர் போகாத இடங்களிலும் இந்தச் சோதனை நடக்கிறது. ஷீன், காஃப் இரண்டும் உருது எழுத்துகள். உருதுவில் 'ஷீன் காஃப் சரியாக இருக்கிறது' என்றால் உச்சரிப்பு சுத்தம், படித்தவர் என்று அர்த்தம். அடிநாக்கு உள்நாக்கருகே பட்டு வரும் காஃப் ஒலியைச் சாதாரண 'க' ஆக்கினால் மதிப்பு இறங்கிவிடும். நம்மிடம் அந்த இடத்தில் ழ இருக்கிறது. சென்னைப் பக்கம் 'வாயப்பயம்', தெற்கே 'வாளப்பளம்'. இரண்டும் ஒழுங்காக நடந்த ஒலிமாற்றங்கள். சோம்பேறி நாக்கு என்று சொல்வது அநியாயம். பேசுகிறவரின் ஊரையும் சாதியையும் அந்த ஒரு எழுத்தை வைத்து எடைபோடுவது கேட்கிறவரின் காதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கடவுச்சொல்' பொருந்தாது. கடவுச்சொல் ரகசியம், தெரிந்தால் உள்ளே போய்விடலாம். இங்கே சொல் எல்லோருக்கும் தெரியும், ஒலிக்க வருகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் 'அடையாள ஒலி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆங்கிலத்தில் ஒரு கூட்டம் ஓயாமல் சொல்லும் பழைய கோஷத்தையும் ஷிபோலெத் என்றே குறிப்பதுண்டு. அந்தப் பொருளுக்குத் 'தேய்ந்த முழக்கம்' போதும்.