புல்லைப் பிடுங்கிவிட்டு மரம் நடுவதற்கு முன்னால்

ஆவணி பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "மேடம், சனிக்கிழமை எங்க கம்பெனியிலிருந்து முந்நூறு பேர் வர்றாங்க, மரம் நடணும், சும்மா கிடக்கிற இடம் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்பார்கள். ஓஎம்ஆர் கம்பெனிகள், தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் அழைப்பு வரும். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "இந்த இடம் சும்மாதான் கிடக்கு" என்று அவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பாதியில் இருப்பது புல்வெளி. ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல், ஒட்டுப்புல், நடுவே ஒன்றிரண்டு பனை, ஓரத்தில் சூரை முள். அது சும்மா கிடக்கவில்லை.

புல்லும் அதற்குக் கீழே இருக்கும் மண்ணும்தான் என் ஆராய்ச்சி. கெட்டுப்போன நிலத்தில் புல் எப்படித் திரும்பி வருகிறது, மண் எத்தனை வருஷத்தில் தேறுகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். இதை எழுதக் காரணம் ஒன்றுதான்: சென்னையைச் சுற்றி மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சம் புல்வெளியையும் நாம் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பார்வை பழையது. நிலத்துக்கு வரி வருமா, அங்கே வெட்ட மரம் இருக்கிறதா என்று வெள்ளைக்காரன் காலத்தில் பிரித்தபோது, இரண்டும் இல்லாததெல்லாம் தரிசு ஆனது. இன்றைக்கும் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலமும் சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. நம் ஊர்க் கணக்கிலாவது மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு பெயர் இருந்தது. மாடு மேய ஒரு இடம் வேண்டும் என்ற நினைப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கிண்டி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். வெளிமான் அங்கே நிம்மதியாக இருக்கும் இடம் மரத்தடி இல்லை, போலோ மைதானம் என்று சொல்கிறார்களே, அந்தத் திறந்த புல்வெளி. வெளிமான் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பிக்கிற விலங்கு. சுற்றிலும் புதர் மண்டினால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும், வெளிமானால் முடியாது. அங்கே புல்லைக் காப்பதும் காட்டைக் காக்கும் வேலைதான்.

சரி, என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய ஒரு கல்வி நிறுவனத்தின் இரண்டு ஏக்கர் நிலத்தை மீட்டுத்தரக் கேட்டார்கள். பாதியில் சீமைக் கருவேலம், பாதியில் புல். கருவேலத்தை மட்டும் தூரோடு எடுக்க வேண்டும் என்று பேசினோம். வெட்டினால் போதாது, அடித்தண்டில் மண்ணுக்குள் இருக்கும் மொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதனால் வேர்க் கழுத்தோடு பறிக்க வேண்டும். நான் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, ஜேசிபி ஒரு மூலையில் முப்பது சென்ட் அளவுக்கு நிலத்தை வழித்துச் சுத்தம் செய்திருந்தது. ஒரு அடி மேல்மண் லாரியில் ஏறிப் போய்விட்டது. மேடு பள்ளம் தெரியாமல் இருக்க எங்கிருந்தோ சவுடு மண் கொண்டுவந்து நிரப்பி, ரோலர் வேறு ஓட்டியிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் பெருமையாகத்தான் காட்டினார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு அங்குல மேல்மண் உருவாக நூறு வருஷத்துக்கு மேலேயே ஆகும். போனது பன்னிரண்டு அங்குலம்.

அந்த மூலைதான் அப்புறம் எனக்குப் பாடமாக இருக்கிறது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். புல்லடியிலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்று, வழித்தெடுத்த இடத்திலிருந்து அதே அளவில் ஒன்று எடுத்து நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். என் வீட்டு மேஜையில் செய்தபோது, வழித்த இடத்துக் கட்டி போட்ட நிமிஷமே புஸ்ஸென்று குமிழி விட்டு, அரை நிமிஷத்தில் கரைந்து அடியில் சேறாகப் படிந்தது, தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. புல்லடிக் கட்டி ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது, காலையில் பார்த்தால் அதிலிருந்து மயிரிழை போல வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, தண்ணீர் தெளிவாக இருந்தது. அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் நுண்வேர்களும், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இழைகளும், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும்தான். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேரூன்றல் கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான்.

இது சென்னைக்கு ஏன் முக்கியம் என்றால், நமக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கரையும் மண்ணில் மேலே ஒரு பக்கு கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் புல் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு பெரிய மழையை எதுவும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழையை நிலத்துக்குள் இறக்கிவிட நல்ல புல்வெளிக்குத் தெரியும். புல்வெளி சேர்க்கும் கரிமத்திலும் பெரும்பங்கு மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது, மேலே தீப்பிடித்தாலும் அது போவதில்லை. அங்கே குழி தோண்டுவது அந்தச் சேமிப்பை உடைப்பது.

அந்த நிலத்தில் கருவேலம் எடுத்த பகுதியிலும் எளிதாக முடியவில்லை. 1870-களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த மரம் இது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். கேட்க நல்ல விஷயமாகத் தெரியும். மரத்தை எடுத்ததும் முதல் மழைக்குப் பார்த்தீனியம் என்ற களைச்செடி இடுப்பளவு வந்தது, யூரியா போட்டு வளர்த்த மாதிரி. நம் புற்கள் வறிய மண்ணுக்குப் பழகியவை, சத்து கூடினால் களைகள் முந்திக்கொள்ளும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-லிருந்து இன்றுவரை நடக்கும் ஒரு புல்வெளிச் சோதனை இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறது: உரமே போடாத பாத்திகளில் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கின்றன, அம்மோனியம் உரம் தொடர்ந்து போட்டு மண் அமிலமாகிப்போன பாத்திகளில் இரண்டு மூன்று வகைதான் மிச்சம். அதனால் "மண் மோசமா இருக்கே, நாலு லோடு எரு கொட்டலாமா" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். விவசாய நிலம் வேறு, இது வேறு. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் கையால் பிடுங்கினோம், மூன்று மழைக்காலம் விடாமல். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு தாங்காது.

புல் விதையைக் கடையில் வாங்கவில்லை. மீதி ஒரு ஏக்கரில் இருந்த நல்ல புல்லிலேயே தை மாதம் விதை முற்றியதும் அறுத்து, சாக்கில் கட்டிவைத்து, ஐப்பசிக்கு முன்னால் வெற்றிடத்தில் விதையோடு அப்படியே பரப்பிவிட்டோம். ஊசிப்புல் விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு எச்சில் தடவிப் பாருங்கள், அதன் முறுக்கிய வால் ஈரம் பட்டதும் பிரிந்து மெல்லச் சுழலும். மழை வந்தால் பிரியும், வெயில் அடித்தால் முறுக்கும், அப்படியே திருகித் திருகித் தன்னைத்தானே மண்ணுக்குள் நட்டுக்கொள்ளும். குழி வெட்ட முந்நூறு பேர் தேவைப்படாத நடவு இது.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கே மாடு மேய்ப்பவர். முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, நீயும் செடி நடத்தான் வந்திருக்கியா? எல்லாரும் நட்டுட்டு வேலி போட்டுடுறாங்க, மாடு இன்னாத்த மேயும்?" என்றார். "இல்லைங்க ஐயா, புல்லு வளர்க்கத்தான் வந்திருக்கேன்" என்று சொன்னபோது நம்பவில்லை. விதைத்த முதல் மழைக்காலம் மட்டும் விடாதீர்கள், விதை கொட்டின பிறகு விடலாம் என்று பேசி ஒத்துக்கொண்டோம். மாடு அளவாக மேய்ந்தால் புல்வெளிக்கு நல்லது, காய்ந்த தாளை நீக்கிப் புதுத் துளிருக்கு வெளிச்சம் விடும். அங்கே இருந்த புற்களின் பெயர்களில் எனக்குத் தெரியாதவற்றை அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

பொறுமை வேண்டும் என்று நான் சொல்வது எவ்வளவு நாளைக்கு என்றால், அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலையத்தில், உழுது கைவிட்ட வயல்களை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். தொண்ணூறு வருஷம் கழித்தும் உழாத புல்வெளியில் இருக்கும் செடி வகைகளில் நான்கில் மூன்று பங்குதான் திரும்பியிருந்தது, செடிகளின் மொத்த வளர்ச்சியில் பாதிதான். இருப்பதைக் கெடுக்காமல் விடுவதை விட மலிவான மீட்பு எதுவும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். பழனி மலையில் நாற்பது வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது, பெரும்பாலும் வெளிநாட்டு மரத் தோட்டங்களுக்கு. அங்கேயும் நட்டவர்கள் நல்லதென்று நினைத்துத்தான் நட்டார்கள்.

மரமே நடாதீர்கள் என்று சொல்லவில்லை. தெருவோரத்தில் நடுங்கள், பள்ளி வளாகத்தில் நடுங்கள், முன்பு மரம் இருந்து வெட்டிய இடத்தில் நடுங்கள். திறந்த வெளி என்றால் மட்டும், ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்ப் பாருங்கள். ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டை வைத்திருக்கிறதா, கௌதாரி கூப்பிடுகிறதா, யாருடைய மாடு அங்கே மேய்கிறது, எத்தனை வகைப் புல் பூக்கிறது என்று எழுதிவையுங்கள். அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள், நானே வருகிறேன்.

ஜேசிபி வழித்த அந்த மூலையில் நான்கு வருஷமாக மயில்கொண்டைப்புல்லைத் தவிர வேறு எதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தை மாதமும் ஒரே இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பேன். இந்தத் தையில் புல்லை விலக்கியபோது, சட்டத்தின் ஓரத்தில் மிளகு மிளகாகக் குவிந்த மண்புழு எச்சம் தெரிந்தது. அங்கே இதுவரை பார்த்ததில்லை. எட்டுக் குவியல். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மழை போவட்டும்மா, மாட்ட இந்தப் பக்கம் விடல" என்றார்.